தொடங்கி வைக்கப்படாத கலைஞன்

ஒரு கலைஞன் எப்படி உருவாகிறான் என்பது பற்றி உலகத்தில் பல அபிப்பிராயங்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் இருந்த ஜனகீய கலா சமிதிக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான். பாலமோ பள்ளிக்கூடமோ கட்டணக் கழிப்பிடமோ, எதுவானாலும் ஒரு பெரிய மனிதர் வந்து தொடங்கி வைத்தால்தான் தொடங்கியதாகக் கணக்கு. கலைஞனுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? தன் பாட்டுக்கு வரைய ஆரம்பித்து, தன் பாட்டுக்குக் கலைஞனாகிவிடுகிற ஒழுங்கீனத்தை ஒழிப்பதற்காகவே சமிதி ஆண்டுதோறும் கலாமேளா நடத்தி, அதில் 'உள்ளூர்க் கலைஞர் தொடக்கத் திட்டம்' ஒன்றையும் வைத்திருந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மேளாவின் நோட்டீஸை சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த மண்டியில் எடை போடுகிற வேலை தாணுமாலையனுக்கு. நாகர்கோவில் பக்கத்துக்காரன், முப்பது வயது. எடை போடாத நேரத்தில் கரித்துண்டால் சாக்கிலும், சாக்கு கிடைக்காதபோது சுவரிலும் வரைந்துகொண்டிருந்தவன், அந்த வருடம்தான் முதல் தடவையாக ஒரு முழுப் படம் வரைந்து முடித்திருந்தான். ஐந்தடி நீள ஒட்டுப்பலகையில், பக்கத்து இரும்புக் கடையில் மிஞ்சிய பெயிண்டை வைத்து வரைந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டியின் சுமைக்காரர்கள் அரிசி மூட்டைகள் மேல் தூங்குவார்கள். அதுதான் படம். வாயைத் திறந்தபடி, ஒருவர் வயிற்றில் இன்னொருவர் காலைப் போட்டபடி, துண்டால் முகத்தை மூடியபடி, எல்லோரும் தூங்குகிறார்கள். நடுவில் ஒரே ஒருவர் மட்டும் விழித்திருந்து, கிழிந்த சாக்கைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் ராஜையன். பாறசாலைக்காரர், சுமைக்காரர்களில் மூத்தவர். அவர் உண்மையிலேயே மத்தியானம் தூங்குகிறதில்லை.

ராஜையன் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"எனக்க மூக்கு இம்பிட்டு பெருசாலே?"

"கண்ணாடியில பாருங்க அண்ணாச்சி."

"கண்ணாடி பொய் செல்லும். இதான் சரியாட்டு இருக்கு. பின்ன ஒண்ணு கேட்டியா, எல்லாவனும் ஒறங்குதான், நான் ஒருத்தன் வேலை செய்யேன். இதை எலிசாள் பாக்கணும். நான் சாலைக் கடையில வந்து ஒறங்கிட்டுப் போறேன்னுதான் அவ ஊரு பூரா செல்லிக்கிட்டு நடக்கா."

எலிசாள் அவர் மனைவி. பாறசாலையில் இருந்தாள், ராஜையன் சனிக்கிழமை தோறும் வீட்டுக்குப் போய் வருவார். ஆக, அந்தப் படத்தை மேளாவில் வைக்க வேண்டும் என்பதில் தாணுமாலையனுக்கு எவ்வளவு ஆசையோ அதைவிட ஒரு பங்கு கூடுதல் ஆசை ராஜையனுக்கு. அவரே பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு கோட்டைக்குள் இருந்த சமிதி அலுவலகத்துக்கு நடந்தார்.

அங்கே கன்வீனர் சேஷன் இருந்தார். அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருடம் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது அதே அக்கறையைக் கலைக்குச் செலுத்திக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி எங்கேயாவது படம் வெச்சிருக்கீரா?"

"இல்ல சார்."

"யாராவது வாங்கியிருக்காளா? பேப்பர்ல வந்ததா?"

"இல்ல."

"பேஷ். சுத்தமா தொடங்காத கேஸ். இப்பல்லாம் இப்படி ஆள் கிடைக்கறதே இல்லை. வரவாள்லாம் எங்கேயாவது கொஞ்சம் தொடங்கிட்டுத்தான் வரா."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்து அதன் நீள அகலத்தை அளந்து, பட்டு இத்தனை மீட்டர் என்று குறித்துக்கொண்டார். சமிதியின் முறை இதுதான்: தேர்ந்தெடுத்த பத்துப் படங்களையும் மஞ்சள் பட்டுத்துணியால் மூடி வைப்பார்கள். அமைச்சர் வந்து துணியை விலக்குவார். விலக்கிய அந்தக் கணத்தில் கலைஞர் தொடங்குவார். அதுவரைக்கும் யாரும் படத்தைப் பார்க்கக் கூடாது.

"நீர் உட்பட," என்றார் சேஷன்.

"நான்தானே சார் வரைஞ்சேன்."

"அது தொடங்கறதுக்கு முன்னாடி. அதெல்லாம் கணக்குல வராது."

முந்தின வருடம் ஒரு சங்கடம் நேர்ந்திருந்தது. அமைச்சர் வருவதற்கு முன் காற்றடித்து ஒரு படத்தின் துணி விழுந்துவிட்டது. ஒரு கலைஞர் அனுமதியில்லாமல் தொடங்கிவிட்டார். விசாரணைக் கமிட்டி போட்டு, அதன் அறிக்கை இன்னும் வரவில்லை. இதைக் கேட்ட ராஜையன் இடுப்பிலிருந்து கோணி ஊசியை எடுத்தார். பட்டைப் பலகையைச் சுற்றி இழுத்து, அரிசி மூட்டை தைக்கிற தையலில் நான்கு பக்கமும் தைத்துக் கொடுத்தார்.

"எந்தக் காத்துக்கும் விழாது சார். இந்த நுனியைப் பிடிச்சு ஒரு இழுப்பு. மொத்தமும் அவுந்து வந்திரும்."

சேஷனுக்குக் கண்கள் கலங்கிவிட்டன. படத்தைப் பற்றி அவர் காட்டிய முதலும் கடைசியுமான உணர்ச்சி அது.

புத்தரிக்கண்டம் மைதானத்தில் பந்தல் போட்டு மேளா நடந்தது. முதல் நாள் வரவேற்புக் குழு அலுவலகத்தின் உத்காடனம், அதாவது தொடக்க விழா. மறுநாள் உணவுக் கூப்பன் விநியோகத்தின் உத்காடனம். அதற்கடுத்த நாள், உத்காடனங்களுக்கு எண்ணெயும் திரியும் வழங்குகிற நிலவிளக்குத் துணைக்குழுவின் உத்காடனம். அதன் விளக்கை ஏற்ற எண்ணெய் கொண்டுவர மறந்துவிட்டார்கள். நான்காம் நாள் படங்கள் திறக்கப்பட வேண்டும்.

அன்றைக்குச் சுமைக்காரர்கள் எல்லோரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தங்களைத் தாங்களே பார்ப்பதற்காக வந்திருந்தார்கள். எலிசாளும் பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வரிசையாகப் பத்து மஞ்சள் துணிகள் தொங்கின. அமைச்சர் வரவில்லை, சட்டசபை நீண்டுவிட்டதாம். சமிதியின் தலைவர் பாஸ்கரக் குறுப்பு மைக்கைப் பிடித்தார். அவர் மலையாளத்தில் பேசியது தமிழில் இப்படி வரும்:

"கலை மக்களுக்கானது. மக்களுக்கும் கலைக்கும் நடுவில் எந்தத் திரையும் இருக்கக் கூடாது என்பதில் சமிதி பிடிவாதமாக இருக்கிறது. அதனால்தான் தரமான திரையாகப் பார்த்து வாங்கியிருக்கிறோம். சென்ற ஆண்டுகளில் நாம் எத்தனை கலைஞர்களை வளர்த்தோம் என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: நாம் இல்லாவிட்டால் இந்தப் பத்துப் பேரும் யாரும் அறியாமல் எங்கோ படம் வரைந்துகொண்டிருந்திருப்பார்கள். இன்று அவர்கள் வரைவதை நிறுத்திவிட்டு நம்மோடு காத்திருக்கிறார்கள். இதுவே நம் வெற்றி."

நல்ல கைத்தட்டல். தாணுமாலையனும் தட்டினான். மேடையில் தன் பெயரைச் சொல்லும்போது கைத்தட்டலில் கேட்காமல் போய்விடுமோ என்று பாதியில் நிறுத்தினான். சொல்லவில்லை.

துணிகளின் முன்னால் பார்வையாளர் கருத்துக்கு என்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதில் நிறையக் கருத்துகள் விழுந்தன. சமிதியின் கலை விமர்சகர் பாகீரதியம்மை மூக்குக்கண்ணாடியைத் தூக்கியும் தாழ்த்தியும் ஒவ்வொரு துணியையும் ஆராய்ந்து, இளம் கலைஞர்களிடம் ஒரு புதிய அடக்கம் தென்படுவதாகப் பத்திரிகையில் எழுதினார். மூன்றாவது துணிக்கு நடுவர் பரிசு கிடைத்தது.

இந்தப் பக்கம் ராஜையன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தா, இந்த நடுவுல. இந்த எடத்துல நான் இருக்கேன்."

"துணிதான தெரியுது."

"துணிக்கு உள்ள இருக்கேன். வேலை செய்துக்கிட்டு இருக்கேன்."

"வீட்டிலயும் இதான கதை," என்றாள் எலிசாள். "வேலை செய்யேன்னு செல்லுவீரு. கண்ணால கண்டவங்க யாரும் இல்ல."

சுமைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். உச்சிமாகாளி என்கிற இளவட்டம் தரையில் உட்கார்ந்து சிரித்தான். ராஜையனும் சிரித்துவிட்டு, அமைச்சர் அடுத்த தடவை கட்டாயம் வருவார், அன்றைக்கு இவள் வாயை அடைக்கிறேன் என்றார்.

படத்திறப்பு ஒத்திவைக்கப்பட்டது. படங்கள் துணியோடு சமிதி அலுவலகத்தின் பின்னறைக்குப் போயின. அந்த ஆடி மழையில், மண்டிப் படியில் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்த ராஜையன் மேல்படியில் உட்கார்ந்தார், மூட்டையை மெதுவாகப் பக்கத்தில் இறக்கி வைத்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். மூட்டை பிரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. தாணுமாலையன் அன்றைக்கு அழுத அழுகையைப் பார்த்து மண்டி முதலாளியே கடையை அடைத்தார்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து எலிசாள் மண்டிக்கு வந்தாள்.

"அவருக்க மொகம் எங்கயும் இல்ல மக்களே. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கல்ல. ஓட்டுக் கார்டுல கறுப்பா ஒரு மசிதான் இருக்கு, அது யாருன்னு கர்த்தருக்குத்தான் தெரியும். உனக்க படத்தில மட்டுந்தான் இருக்காரு. ஒரு தடவை காட்டுவியா?"

தாணுமாலையன் முதலில் நினைவிலிருந்து வரைந்து பார்த்தான். ராஜையனை அவன் எதிரில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தவன். ஆள் இல்லாமல் மூக்கு வந்தால் கண் வரவில்லை, கண் வந்தால் அது வேறு யாருடைய கண்ணோ. எலிசாளிடம் ஒன்றைக் காட்டினான். அவள் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஆரு?" என்றாள். அதற்குப் பிறகுதான் அவன் சமிதிக்குப் போனான்.

"மரணம் ரொம்ப துக்கமான விஷயம்," என்றார் சேஷன். "அதுக்காக விதியை மீற முடியுமா? துணியை எடுத்துட்டா நீர் தொடங்கிட்டீர். யாரு தொடங்கி வெச்சா? ஒரு விதவை. இதை நான் எந்த ஃபைல்ல எழுதறது? பொறுமையா இரும். அமைச்சர் பேர் போட்டுப் பித்தளைத் தகடுகூட அடிச்சாச்சு. யார் திறந்து வெச்சான்னு நாளைக்கு நாலு பேருக்குத் தெரியணுமோன்னோ?"

"தகட்டை எங்க சார் வைப்பீங்க?"

"படத்தோடதான்."

கீழே சட்டத்தில் வைப்பார்கள்போல என்று தாணுமாலையன் தலையாட்டினான். அப்போது முன்னறையில் போன் அடித்தது. சேஷன் எழுந்து போனார். பின்னறையில் அவனும் அவன் படமும் மட்டும் இருந்தார்கள். ராஜையன் விட்டுவைத்த நூல் நுனி மேல் மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடித்தான். ஒரு இழுப்பு போதும். எலிசாள் வெளியே தெருவில்தான் நின்றிருந்தாள். கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள்.

அவன் இழுக்கவில்லை. இழுத்தால் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிடுவார்கள். மேடை இல்லை, அமைச்சர் இல்லை, மைக்கில் பெயர் இல்லை. வாழ்நாள் முழுக்க அரிசி எடை போடுகிறவனாகவே இருந்து, ராஜையனைப் போல மேல்படியில் சாய வேண்டியதுதான். அடுத்த மேளாவுக்கு எத்தனை மாதம் இருக்கிறது, அதுவரை எலிசாள் பொறுக்க மாட்டாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நுனியை விட்டான். வெளியே வந்து அவளிடம், "அடுத்த வருசம் கட்டாயம் அக்கா," என்றான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் அந்த அமைச்சருக்கு இலாகா மாறியது. புதுத் தகடு அடித்தார்கள். புது அமைச்சர் வருவதாகச் சொன்ன நாளில் பந்த். அதற்கடுத்த வருடம் வேறொருவர். பழைய தகட்டில் தலைவர் பெயர் விட்டுப்போனதாகக் குறுப்பு கோபித்துக்கொண்டதால், மறுபடி அடித்தார்கள். தலைவர் பெயர் வந்ததும் துணைத்தலைவர்கள் கேட்டார்கள். துணைத்தலைவர்கள் வந்ததும் துணைக்குழுக்கள் கேட்டன. நிலவிளக்குத் துணைக்குழு உண்ணாவிரதம் இருக்கப்போவதாகவே சொன்னது.

நடுவில் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பக்கம் புதிதாக ஹோட்டல் திறந்த ஒரு நெல்லைக்காரர், சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று தாணுமாலையனைத் தேடி வந்தார். அவன் அனுமதி கேட்டு சேஷனிடம் ஓடினான்.

"ஹோட்டல்லயா தொடங்கப்போறீர்? இட்லி சாம்பாருக்கு நடுவுலயா? மூணு வருஷமா உம்மைத் தொடங்காம அப்படியே வெச்சுண்டிருக்கோம். அந்த நன்றி வேண்டாமா?"

ஹோட்டல்காரர் அருவிப் படம் போட்ட ஒரு காலண்டரை மாட்டிக்கொண்டார்.

இரண்டாயிரமாவது ஆண்டு மேளாவுக்கு அமைச்சர் உண்மையிலேயே வருவது இரண்டு நாள் முன்பே உறுதியாகிவிட்டது. சமிதியில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. பின்னறையைத் திறந்து பார்த்தால் ஒன்பது படங்களைக் கரையான் ஏற்கெனவே தொடங்கி முடித்திருந்தது. ராஜையன் இடைவெளி விடாமல் தைத்த தையலால் தாணுமாலையன் படம் மட்டும் தப்பியிருந்தது. அந்த ஒன்றை மேடையில் வைத்தார்கள். தாணுமாலையன் கிட்டே போய்ப் பார்த்தான். ஒரு பக்கத்துத் தையல் மட்டும் பிரிக்கப்பட்டு, தையல்காரனின் மெல்லிய நூலால் மறுபடி தைக்கப்பட்டிருந்தது. யார் பிரித்தது என்று கேட்க சேஷனைத் தேடினான். கேட்பதற்குள் அவனைப் பிடித்து மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எலிசாள் முன்வரிசையில் இருந்தாள். சாயம் போகாத சேலை கட்டியிருந்தாள். சுமைக்காரர்களும் வந்திருந்தார்கள், பழைய ஆட்களில் பாதிப் பேர்.

அமைச்சருக்கு நேரம் இல்லை. நுனியைப் பிடித்து இழுத்தார். ராஜையன் சொன்னபடியே ஒரே இழுப்பில் மூன்று பக்கமும் அவிழ்ந்தது. நாலாவது பக்கத்தை சேஷன் கத்திரிக்கோலால் வெட்டினார். பட்டு விழுந்தது. கேமராக்கள் மின்னின.

பலகை முழுக்கப் பித்தளை. அமைச்சரின் பெயர் மேலே, பெரிய எழுத்தில். கீழே தலைவர், துணைத்தலைவர்கள், கன்வீனர், இணை கன்வீனர்கள், உணவு, பந்தல், பிரச்சாரம், நிலவிளக்கு. நன்றாகத் துலக்கியிருந்தார்கள், முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அதில் அவரவர் முகம் தெரிந்தது. நான்கு மூலையிலும் நடுவிலும் பலகையைத் துளைத்து நட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள். நடு போல்ட் எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்பது தாணுமாலையன் ஒருவனுக்குத்தான் தெரியும். தகட்டின் நாலு ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்குப் படம் மிச்சமிருந்தது. கொஞ்சம் சாக்கு, கொஞ்சம் சுவர், ஒரு துண்டின் நுனி.

குறுப்பு எல்லாப் பெயர்களையும் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கைத்தட்டல். கடைசியில், "இந்தத் தகட்டைத் தாங்கும் பேறு பெற்ற பலகையை வழங்கியவர்," என்று தாணுமாலையன் பெயரையும் சொன்னார். மைக்கில் அவன் பெயர் தெளிவாகவே கேட்டது.

அமைச்சர் போனபிறகு சேஷன் அவனுக்குச் சான்றிதழ் கொடுத்தார். இன்று முதல் தொடங்கிய கலைஞர் என்று அதில் அச்சாகியிருந்தது.

"இனி நான் படம் கொண்டாந்தா வைப்பீங்களா சார்?"

"எப்படி வைக்கறது? இது தொடங்காதவாளுக்கான மேளா. நீர்தான் தொடங்கியாச்சே."

"தொடங்கினவங்களுக்கு?"

"அதுக்கு இன்னும் திட்டம் வரலை." சேஷன் அவன் தோளில் தட்டினார். "சந்தோஷமா இரும்."

எலிசாள் மேடைக்கு ஏறி வந்திருந்தாள். தகட்டை அவிழ்த்துத் தர முடியுமா என்று கேட்டாள். அமைச்சர் பெயர் இருப்பதால் அது இப்போது ஏறக்குறைய அரசாங்கச் சொத்து, கை வைக்கக் கூடாது என்று சேஷன் அன்பாகவே விளக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். அவிழ்த்தாலும் நடு போல்ட் துளைத்த இடத்தில் முகம் இருக்காது என்பதைத் தாணுமாலையன் அவளிடம் சொல்லவில்லை.

அவள் குனிந்து, தகட்டின் கீழ் ஓரத்தைத் தேடினாள். ஓரிடத்தில் ஒரு குதிகால் தெரிந்தது. வெடிப்பு விழுந்து, புழுதி அப்பிய ஒரு குதிகால்.

"மக்களே, இது அவருக்க காலா?"

அது உச்சிமாகாளியின் கால். உச்சிமாகாளி பக்கத்திலேயே நின்றிருந்தான். மெதுவாகத் தன் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு, "ஆமா அக்கா. அண்ணாச்சிக்க காலுதான்," என்றான். தாணுமாலையனும் தலையாட்டினான்.

அவள் இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இது ஒறங்குத காலுல்லா," என்றாள். "நீட்டிப் போட்டுக் கெடக்காரு. எல்லாவனும் ஒறங்குவான், நான் மட்டும் வேலை செய்யேன்னு எங்கிட்ட எம்பிட்டு சாதிச்சாரு. கடைசியில இவரும் ஒறங்கித்தான் கெடந்திருக்காரு."

தாணுமாலையன் வாயைத் திறந்தான். இது அவர் கால் இல்லை என்று சொன்னால் அவளுக்கு இந்தக் காலும் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால், அந்தப் படத்தில் விழித்திருந்த ஒரே மனிதர் தூங்கிவிடுவார். கீழே யாரோ பந்தல் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

எலிசாள் சேலைத் தலைப்பை எடுத்து அந்தக் குதிகாலின் புழுதியைத் துடைத்தாள். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள்.

"எப்பவும் இப்படித்தான்," என்றாள். "காலைக் கழுவாம வந்து ஏறிக் கெடப்பாரு."